காரைக்குடியில் ஆறு பேர் கூடுகிறோம், பன்னிரண்டு பேர் ஆகப்போகிறோம், என்ன செய்வது?

மாடிப்படி (கேள்வி)

வணக்கம். பெயர் போடாததற்கு மன்னிக்கவும். ஊரைச் சொல்லிவிட்டேன், பெயரையும் சொன்னால் நாளைக் காலை கல்லுக்கட்டியில் டீ குடிக்கும்போதே விசாரிப்பார்கள். வயது 29. தட்டச்சும் டேலியும் சொல்லித்தரும் ஒரு சின்ன மையம் நடத்துகிறேன்.

நான் தன்பால் ஈர்ப்பு உள்ளவன். 2 வருடத்துக்கு முன்னால் குன்றக்குடிப் பக்கத்துப் பெண் ஒருவர் பழக்கமானார், அவருக்கும் பெண்கள் மேல்தான் ஈர்ப்பு. மாதம் ஒரு ஞாயிறு என் மையத்து மாடியில் உட்கார்ந்து பேசுவோம் என்று ஆரம்பித்தோம். வேறு ஒன்றும் கிடையாது, பேச்சும் டீயும்தான். வீட்டில் பெண் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எப்படித் தள்ளிப்போடுவது, சொன்னால் என்ன ஆகும், இதுதான் திரும்பத் திரும்ப. இன்று 6 பேர். எல்லோரும் 20 முதல் 30 வயதுக்குள். மாடிக்கு வரும்போது யாரும் செருப்பை வாசலில் விடமாட்டார்கள், கையில் எடுத்துக்கொண்டோ பையில் போட்டுக்கொண்டோதான் ஏறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லாத மாடியில் 6 ஜோடி செருப்பு எதற்கு என்று கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டுவிடுவார் என்கிற பயம். நான் சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை, முதலில் வந்த பையன் செய்தான், மற்றவர்களும் செய்கிறார்கள்.

பிரச்சினை இப்போதுதான். பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் தன் நண்பர்கள் 4 பேரிடம் சொல்லியிருக்கிறான், அவர்களும் வரவேண்டும் என்கிறார்கள். இன்னொரு பெண்ணை வீட்டில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய், அவர் "ஆறே மாதத்தில் மாற்றிக் காட்டுகிறேன்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், அந்தப் பெண்ணும் எங்களைத் தேடுகிறாள். கடைசியாக ஒருவன், அவனுக்கு 17. பிளஸ் டூ. எனக்கு அலைபேசியில் பேசுகிறான், பாதி நேரம் பேசுவதே இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

பதிவு செய்யவேண்டுமா? ஒரு பெயர் வைக்கவேண்டுமா? 17 வயதுப் பையனைச் சேர்க்கலாமா? போலீஸ் வந்தால் என்ன செய்வது? என் மையத்தில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் காதுக்குப் போனால் என் பிழைப்பு போய்விடும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பல்லவனில் போனவன்

தம்பி, நான் திருப்பத்தூர்ப் பக்கம் (நம்ம மாவட்டத்துத் திருப்பத்தூர்தான்). விடியற்காலை காரைக்குடியில் பல்லவன் ஏறிச் சென்னைக்குப் போய்ப் பிழைத்தவன். எனக்கு உன் வயதில் ஊரில் ஒரு மாடி இருந்திருந்தால் ரயில் ஏறியிருக்க மாட்டேனோ என்னவோ.

பதிவைப் பற்றி முதலில். சென்னையில் ஓரினம் என்று இருக்கிறதே, அது 2003இல் வேறு ஒரு பெயரில், சில நண்பர்கள் கூடிப் பேசும் குழுவாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம்தான் இந்தப் பெயர். தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையதளம், கவிதை, சட்டத் தகவல், பெற்றோருக்கான விளக்கம் என்று இத்தனை வளர்ந்தும் தன்னார்வலர் குழுவாகவே நடக்கிறது. 2009இல் சென்னையில் முதல் வானவில் பேரணி நடந்தபோது பலதரப்பட்ட குழுக்கள் சேர்ந்து நடத்தின. திருநங்கையருக்கும் ஆண்களுக்குமாக எய்ட்ஸ் தடுப்பு வேலையில் தொடங்கிய சகோதரன் அமைப்பு 1998இலிருந்தே இருக்கிறது. அது பதிவு, அலுவலகம், ஊழியர் என்று வளர்ந்த வழி வேறு, ஏனென்றால் அங்கே மருந்து, பரிசோதனை, நிதி எல்லாம் கைமாறவேண்டியிருந்தது. உனக்கு இப்போது கைமாற ஒன்றும் இல்லை, டீக்காசு தவிர.

நான் முதன்முதலில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது 3 மாதம் வாயே திறக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நான்காம் மாதம் ஒருத்தர் என் பக்கம் பிஸ்கட் தட்டைத் தள்ளினார், அவ்வளவுதான், பேச ஆரம்பித்து 2 மணி நேரம் நிறுத்தவில்லை. அந்தக் கூட்டம் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம். நான் ஒரு மாதம் போகாமல் இருந்தாலும் அது நடந்துகொண்டிருக்கும் என்று தெரியும். இதைவிட வேறு ஒன்றும் எனக்குத் தேவைப்படவில்லை. அதனால் 12 பேர் ஆனாலும் 20 பேர் ஆனாலும் அந்த ஞாயிறை மட்டும் மாற்றாதே. உனக்குக் காய்ச்சல் வந்தால் கதவைத் திறக்க இன்னொருவரிடம் சாவி இருக்கட்டும்.

புதிதாக வருகிற யாரையும் நேரே மாடிக்குக் கூட்டிவராதே. முதலில் வெளியே, டீக்கடையிலோ பேருந்து நிலையத்திலோ, உங்களில் இருவர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆளை மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பல் செயலி வழியாக எப்படி வலைவீசுகிறது என்று உனக்கே தெரிந்திருக்கும்.

பெயர் வைத்தால் சப்பையான பெயராக வை. ஞாயிறு வாசகர் வட்டம் மாதிரி.

தேவகோட்டை வக்கீல்

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் பயம் இனி அவ்வளவு வேண்டாம். வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு தன்பால் உறவில் இருப்பது குற்றமில்லை என்று உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அந்த உறவைத் தண்டித்த 377 என்ற பிரிவே இல்லை. கூடிப் பேசுவது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை, அது தனி.

நம்ம பக்கத்துக்கு முக்கியமானது 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்குப் போய் அடைக்கலம் புகுந்தார்கள், வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள், போலீஸ் துரத்தியது. அந்த வழக்கு. தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி, ஒரு உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். நான் இத்தனை வருடத்தில் அப்படி ஒரு நீதிபதியைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. காணவில்லை என்ற புகாரில் சம்பந்தப்பட்டவர்கள் வயதுவந்தவர்கள், விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்கவேண்டும் என்பது அதில் ஒன்று. "மாற்றிக் காட்டுகிறேன்" என்கிற சிகிச்சைக்குத் தடை என்பது இன்னொன்று. அதே வழக்கின் தொடர்ச்சியாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அப்படிச் செய்வது மருத்துவருக்குத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்க அதுதான் முதல் ஆதாரம். ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தச் சொல்லி நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள், வேறு ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு அவர் சொல்கிறபடி.

2022இலேயே தமிழ்நாட்டில் காவலர் நடத்தை விதியும் திருத்தப்பட்டது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களை மட்டுமில்லை, அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக்கூடாது என்று அதில் இருக்கிறது. அதாவது நீங்கள். அந்த விதியை அச்செடுத்து மேசை டிராயரில் போட்டுவையுங்கள்.

இப்போது 17 வயது. இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மாடிக்கு வரவேண்டாம். பெற்றோர் பொறுப்பிலிருக்கும் பிள்ளையை அவர்கள் சம்மதமில்லாமல் அழைத்துப்போனால் அது ஆள்கடத்தல் பிரிவில் வந்து நிற்கும். முன்பு ஆண்பிள்ளைக்கு 16 என்று இருந்தது, புதிய சட்டத்தில் ஆணோ பெண்ணோ 18. வீட்டைவிட்டு ஓடிவந்தான் என்று இரக்கப்பட்டு ஒரு ராத்திரி தங்கவைத்தால்கூட அடுத்த நாள் உங்கள் மேல்தான் வழக்கு. அவனை யாராவது தவறாகத் தொட்டிருக்கிறார்கள் என்று அவன் சொன்னால் 2012 போக்சோ சட்டப்படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், ரகசியம் காப்பாற்றுகிறேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். போனில் பேசுங்கள், தப்பில்லை. அடி, உதை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பதிவு: சங்கமாகப் பதிய 7 பேர் வேண்டும். 7 பேரின் பெயர், முகவரி, கையெழுத்து பதிவாளர் அலுவலகத்துக் கோப்பில் இருக்கும். உங்கள் 6 பேரில் எத்தனை பேர் அதற்குத் தயார்? ஒருவருமில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு பணம் வாங்கும் நிலை வந்தால் அறக்கட்டளையாகப் பதியலாம், அதற்கு இத்தனை பேர் தேவையில்லை. வெளியே தெரிந்தாலும் பாதகமில்லாத ஆட்கள் அறங்காவலராக இருக்கட்டும். கட்டணமில்லாமல் வழக்கறிஞர் வேண்டுமென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

மானகிரி முருகன்

படிக்கிற பிள்ளைகளை மாடிக்கு வரவழைத்துக் கெடுக்கிறீர்கள். இது வெளிநாட்டு வியாதி. நம்ம செட்டிநாட்டுக்கு இதெல்லாம் ஆகாது. அட்மின் இந்த இழையை மூடவும்.

கிட்டங்கி

முருகன் அண்ணே, வெளிநாட்டிலிருந்து வந்தது வியாதி இல்லை, சட்டம். 377ஐ எழுதி 1860இல் போட்டது வெள்ளைக்காரன். அதே சரக்கைத்தான் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கொண்டுபோனான். நம்ம ஐயாக்கள் கிட்டங்கியில் பெட்டியடி போட்டு வட்டிக்கடை வைத்த அதே ஊர்கள்தான். கப்பல்கூட ஒன்றாக இருந்திருக்கும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், வீடு கண்டனூர். இங்கே 377ஏ என்ற பிரிவு, ஆணுக்கும் ஆணுக்கும் உள்ள உறவைத் தண்டிப்பது, 1938இல் சேர்த்தது. 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவில் இன்னும் இருக்கிறது. அதற்கு முன்பே, 2009 மே மாதம், ஹாங் லிம் பூங்காவில் பிங்க் டாட் என்று இளஞ்சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு சுமார் 2,500 பேர் கூடினார்கள். அடுத்தடுத்த வருடங்களில் அது பல ஆயிரமானது. ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். அங்கே வந்து போட்டோ எடுத்துக்கொண்ட என் நண்பர்களில் பாதிப்பேர் தைப்பூசத்துக்குத் தண்டாயுதபாணி கோயிலில் மாமாவைப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் ஒளிகிறவர்கள். நானும்தான்.

தம்பிக்குப் பணம் வேண்டுமென்றால் சொல்லட்டும், ஆனால் ஒன்று, வெளிநாட்டுப் பணத்தை அமைப்பின் பெயரில் வாங்க உள்துறை அனுமதி வேண்டும், சின்ன ஆட்களுக்குக் கிடைக்காது. நான் ஊருக்கு வரும்போது நாற்காலி வாங்கிப்போடுகிறேன்.

மாடிப்படி

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் அண்ணே, டாக்டர் சீட்டு பத்திரமாக இருக்கிறது, அவள் அதைப் பாடப்புத்தக அட்டைக்குள் வைத்து ஒட்டியே விட்டாள்.

17 வயதுப் பையன் விஷயம்தான் மனதில் நிற்கிறது. வராதே என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்? நேற்றும் கூப்பிட்டான். "நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்க்கத்தான் கூப்பிட்டேன்" என்றான், வைத்துவிட்டான்.

ஆலோசகர் அறை

நான் ஒரு கல்லூரியில் மாணவர் ஆலோசகர். எந்தக் கல்லூரி என்று சொல்லமாட்டேன், காரைக்குடிக்கு எட்டும் தூரம்தான்.

அந்தப் பையனிடம் "வராதே" என்று சொல்லாதீர்கள், "உனக்கு 18 ஆகும் மாதத்து ஞாயிறு உன் நாற்காலி காலியாக இருக்கும், அதுவரை வியாழன் ராத்திரி 8 மணிக்கு நான் போன் எடுப்பேன்" என்று சொல்லுங்கள். நேரம் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி 2 மணிக்குக் கூப்பிடுவான், நீங்களும் எடுப்பீர்கள், 3 மாதத்தில் உங்களுக்கே ஆலோசகர் தேவைப்படும். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால் அன்று நேரம் காலம் பார்க்கவேண்டாம், 14416க்கு அவனையே பேசவையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். நீங்கள் சிகிச்சை கொடுப்பவர் இல்லை. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்கச் சொல்லிக்கொள்ளுங்கள்.

வளர்வது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, பல்லவனில் போனவர் சொன்னதோடு பாதிதான் ஒத்துப்போகும். நியூயார்க்கில் 1979இல் ஒரு 15 வயதுப் பையனை விடுதியில் அடித்து, தப்பு அவன் மேல்தான் என்று அவனையே வெளியேற்றினார்கள். அதைக் கேள்விப்பட்ட எமரி ஹெட்ரிக் என்ற மனநல மருத்துவரும் அவருடைய துணைவரான பேராசிரியர் டேமியன் மார்ட்டினும் சேர்ந்து ஆரம்பித்த அமைப்புதான் பிறகு அவர்கள் இருவர் பெயரில் இன்றுவரை நடக்கிறது. அவர்கள் எடுத்தவுடன் பிள்ளைகளைக் கூட்டவில்லை. முதல் சில வருடம் பெரியவர்களைத்தான் பிடித்தார்கள், மருத்துவர், ஆசிரியர், சமூகப் பணியாளர் என்று. அப்புறம்தான் பிள்ளைகளுக்கு நேரடி உதவி. 1985இல் ஒரு பள்ளிக்கூடமே திறந்தார்கள், இருபது சொச்சம் பிள்ளைகளோடு.

நம்ம ஊருக்கு அது அப்படியே பொருந்தாது, ஆனால் வரிசை பொருந்தும் என்று நினைக்கிறேன். உங்கள் மாடியில் இருப்பது 6 இளவட்டம். ஒருவனுக்கு வீட்டில் அடி விழுந்தால் மற்ற 5 பேரும் சேர்ந்து அழத்தான் முடியும். ஒரு வக்கீல் இங்கேயே கிடைத்துவிட்டார். நல்ல மனநல மருத்துவர் ஒருவர், மதுரையிலோ திருச்சியிலோ, 2 மணி நேரப் பேருந்து தூரத்தில். அப்புறம் ஒரு அம்மா. யாராவது ஒரு அம்மா. இந்த மூன்று பேர் இருந்தால் 12 பேரைத் தாங்கும், இல்லாவிட்டால் 6 பேரே பாரம்.

வளவுத்தூண்

அம்மா வேண்டும் என்று ஆலோசகர் எழுதியதைப் படித்தபின் 2 நாள் யோசித்து இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சிரிக்காதீர்கள். எனக்கு 62. பள்ளத்தூர்.

என் மகனுக்கு இப்போது 34, கோயம்புத்தூரில் வேலை. 5 வருடத்துக்கு முன் பிள்ளையார் நோன்புக்கு வந்தவன் இழை எடுத்து முடித்துவிட்டு, வளவில் தேக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஆத்தா, எனக்குப் பெண் பார்க்காதீர்கள்" என்றான். ஏன் என்றேன். சொன்னான். நான் ஒன்றும் பேசவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன். பணியாரத்துக்கு மாவு கரைத்து வைத்திருந்தேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன், அன்றைக்கு வீட்டில் 4 பேர்தான், நான் சுட்டது எழுபதோ எண்பதோ. அவன் வந்து அடுப்பை அணைத்தான்.

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குக் கல்யாணமானால்தான் கோயிலில் அவன் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு குடும்பம். வரி எழுதுவது, படைப்பு வீட்டில் பங்கு, எல்லாம் புள்ளிக் கணக்கு. மற்ற தம்பிமார்களுக்கு இது புரியாது. எனக்கு அன்று ராத்திரி வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா, மகன் கஷ்டப்பட்டானே என்று இல்லை. நம்ம வீட்டில் இந்தத் தலைமுறையில் புள்ளி இல்லாமல் போகிறதே என்றுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் வருகிற பிள்ளைகளின் ஆத்தாமார்களுக்கு அதுதான் முதலில் வரும், அதனால் சொல்லிவைக்கிறேன். அவர்களிடம் சட்டம் பேசாதீர்கள், ஏறாது.

2 வருடம் யாரிடமும் பேசவில்லை. அவன் அப்பச்சிக்கே (அப்பாவுக்கே) பாதிதான் தெரியும். பங்காளி வீட்டில் சொல்லமுடியுமா? ஜாதகக் கட்டு 14 இருந்தது, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி இரண்டாம் கட்டுப் பெட்டகத்தில் போட்டுவிட்டு, கேட்கிறவர்களிடம் தோஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் கூட்டிப்போவோமா என்றுகூட நினைத்தேன், அவன் நல்ல காலம், நான் கேட்ட டாக்டரம்மா "இது நோயே இல்லை ஆச்சி, உலகச் சுகாதார நிறுவனம் 1990இலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, உங்களுக்குத்தான் தூக்கமில்லை, உங்களைப் பார்ப்போமா" என்றார். அந்த மாத்திரை கொடுக்கப்பட்ட பெண்ணை நினைத்தால் எனக்குப் படபடக்கிறது, எனக்குக் கிடைத்தது அவள் வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது என் வயதில் ஒரு பொம்பளை, "எனக்கும் இப்படித்தான்" என்று சொல்ல. அவ்வளவுதான். தம்பி, உங்கள் பிள்ளைகளின் ஆத்தாமார்கள் யாராவது பேச வேண்டுமென்றால் நான் பேசுகிறேன். மாடியில் வேண்டாம், எங்கள் வீட்டு முகப்பில் உட்காரலாம், கோலாட்டப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ளலாம், இந்த ஊரில் கேட்கமாட்டார்கள்.

தேவகோட்டை வக்கீல்

ஆச்சி, வணக்கம். ஒன்று விட்டுவிட்டேன், உங்களுக்காகவே சேர்க்கிறேன். 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணைத் தன் துணையுடன் போகலாம் என்று விட்டபோது, குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்று இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். கல்யாண உரிமை இல்லை என்று உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது சொன்னதுதான், அது மாறவில்லை. கோயில் புள்ளிக்கு இது உதவாது, தெரியும்.

வளவுத்தூண்

கோயில் புள்ளியை நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி.

மாடிப்படி

ஆச்சி, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மாத்திரை கொடுக்கப்பட்ட பெண்ணின் அம்மாவிடம்தான் முதலில் பேசவேண்டும், அவர் இப்போது சாமியாடியிடம் கூட்டிப்போகலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அவரை எப்படிக் கிளப்பிக் கூட்டிவருவது என்று அந்தப் பெண்ணோடு பேசிவிட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறேன். முதல் முறை மட்டும் நீங்கள் இங்கே வரமுடியுமா? இரண்டாம் ஞாயிறு, மாலை 4 மணி. படி கொஞ்சம் செங்குத்து.

வளவுத்தூண்

4 மணிக்கு வெயில் தாழாது. 5 மணி ஆக்குங்கள். படியெல்லாம் ஏறுவேன், எங்கள் வீட்டு மச்சுப் படியைவிடவா செங்குத்து. ஆனால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறமாட்டேன், வாசலில்தான் விடுவேன், அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டால் நான் டேலி படிக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.